ஒரு பிழை திருத்தம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஒரு வைத்தியர். ஆனால் இன்று பேசப்போவது வரலாறு பற்றி. சென்ற வருடம் இதே மண்டபத்தில் உடல்நலம் பற்றிப் பேசி முடித்தபோது, கலைப்பிரிவுப் பிள்ளை ஒருத்தி எழும்பி, “வரலாறு படிச்சா என்ன வேலை எடுக்கலாம், டொக்டர்?” என்று கேட்டாள். “ரீச்சர் ஆகலாம்” என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டேன். பாலத்தைத் தாண்டிய பிறகும் அவளுடைய முகம் என்னை விடவில்லை.

அந்தப் பாலத்தின் கீழுள்ள ஆற்றை உப்பு ஏற்றுவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்று சின்ன வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். அதில் சான்று எவ்வளவு, செவிவழிக் கதை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் ஒரு வேலைதான்.

அந்த வேலையைச் செய்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. 1965இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பத்தாம் நூற்றாண்டுக்கு முன் தமிழர் இங்கே பரவலாகக் குடியிருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பது அந்த ஆய்வின் முடிவு. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு கசந்திருக்கும்! பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறையின் முதற் பேராசிரியரானார். 1980இல் அவர் தலைமையில் ஆனைக்கோட்டையில் தோண்டியபோது, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் பிராமி எழுத்துள்ள சிறு முத்திரை கிடைத்தது. அதன்பின் போர். கட்டியெழுப்பிய துறையை விட்டுத் தஞ்சாவூர், அவுஸ்திரேலியா என்று இடம் மாறிய வாழ்க்கை.

2005இல் சிட்னியில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. தமிழரும் சிங்களவரும் இந்தத் தீவின் ஆதிக்குடிகளிலிருந்தே, மொழி மாற்றத்தின் வழியாக உருவானவர்கள் என்று அதில் விளக்கினார். நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய தன் முடிவைத் தானே திருத்தினார். முதலில் எழுதிய நோய்நிர்ணயம் பிழை என்று அதே கோவையில் எழுத எத்தனை வைத்தியருக்குக் கை வரும்? எனக்கு ஒரேயொரு முறைதான் வந்தது.

இன்று இலங்கைத் தமிழர் வரலாற்றை எழுத வருபவர் அந்த நூலைப் படிக்காமல் கடக்க முடியாது. அந்த மதிப்பைத் தந்தது பதவி அல்ல, அது பாதியிலேயே கைவிட்டுப் போனது. என்னைக் கேட்டால், அந்தத் திருத்தம்தான் தந்தது.

பிள்ளை, நீ இங்கே இருந்தால் கேள். வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நூலை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். சமர்ப்பணப் பக்கத்தை முதலில் பார். வரலாற்றைப் பிழையாக விளங்கியதால் உயிரிழந்த அப்பாவிகளுக்குத்தான் அதைச் சமர்ப்பித்திருக்கிறார்.