கண்ணாடி இழை இணைப்பை யாரிடம் பெறுவது?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுவதே இம்முகாம்களில் நமது வழக்கம். இன்று சற்று வேறான பொருளை எடுத்துக்கொள்கிறோம். நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடுதோறும் ஆட்கள் வந்து, "பழைய இணைப்பை விட்டுவிடுங்கள், பைபர் போட்டுத் தருகிறோம்" என்று துண்டுத்தாள் கொடுத்துச் செல்கின்றனர். பைபர் போடுவதா வேண்டாமா என்பதில் நமக்கு ஐயமில்லை. கல்லூரி விண்ணப்பம் முதல் சிட்டா நகல் வரை யாவும் இணையத்தின் வழியே நடைபெறும் காலம் இது. யாரிடம் பெறுவது என்பதே கேள்வி.

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். "நம் ஊராட்சி அலுவலகத்திற்குத்தான் அரசாங்கமே இழை கொண்டுவந்துவிட்டதே, பிறகு எதற்குத் தனியாக ஒருவரிடம் வாங்க வேண்டும்?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் வினவினார். நியாயமான கேள்விதான். 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, 2015-இல் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற திட்டத்தின் கீழ் ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு பைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இது ஏரியிலிருந்து மதகு வரை வந்த நீரைப் போன்றது. மதகிலிருந்து அவரவர் வயலுக்கு வாய்க்கால் வெட்டி, அதைத் தூர்வாரி, உடைப்பெடுத்தால் அடைத்துத் தருபவர் ஒருவர் வேண்டுமன்றோ? அவரைத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கடைமடையில் பயிரிடுவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏரி நிரம்பியிருந்தாலும் வாய்க்கால் சரியில்லையெனில் பயிர் கருகும்.

நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. ஊராருக்கெல்லாம் யோசனை சொல்லும் நாமே, 200 மெகாபிட் வேகம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்டு, ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தி, ஒரு நிறுவனத்திடம் இணைப்புப் பெற்றோம். ஒன்பது மாதம் குறையின்றி ஓடிற்று. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து தெருமுனையில் இழை அறுந்தது. தொலைபேசியில் அழைத்தால் எங்கோ தொலைதூர நகரத்திலிருந்து ஒருவர் மிக்க மரியாதையுடன் பேசி, புகார் எண் கொடுத்து, இரண்டு நாளில் சரியாகும் என்றார். பத்தொன்பது நாட்கள் ஆயின. எங்கள் தெருவுக்கு இழை இழுத்த இளைஞர் கூலி பாக்கிக்காக வேலையை விட்டுப் போயிருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. நம் மகளுக்குப் பொறியியற் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டிய நாட்கள் அவை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்களுடைய 40 மெகாபிட் இணைப்பில் பதிவு செய்தாள். அவர்கள் வீட்டு இழையும் அதே காற்றில்தான் அறுந்தது. உள்ளூர்க் கேபிள்காரர் மறுநாள் மாலையே ஏணியுடன் வந்து இணைத்துவிட்டார்.

ஆகவே, உள்ளூர்க் கேபிள்காரரே எப்போதும் உத்தமர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேறோர் ஊரில் இருநூறு வீட்டு இழைக்கும் ஒரே மனிதர். அவர் குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற வாரம் முழுதும் ஊரே காத்துக் கிடந்தது. நாம் கேட்க வேண்டியது, அறுந்தால் ஏணியுடன் வருபவர் யார், அவர் எத்தனை பேர், எங்கே குடியிருக்கிறார் என்பதையே. ரசீதில் ஒரு பெயர் இருக்கும். வேலை செய்யும் கை வேறாக இருக்கும். பி.எஸ்.என்.எல். பைபர் இணைப்புகூடப் பல ஊர்களில் உள்ளூர்க் கூட்டாளிகள் மூலமாகவே வீட்டுக்கு வருகிறது. ஒரே நிறுவனம் ஓர் ஊரில் சிறப்பாகவும் அடுத்த ஊரில் மோசமாகவும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பட்டணத்து உறவினர் புகழ்ந்தார் என்பதற்காக நம் தெருவில் வாங்குவது பயனற்றது. அதே தெருவில் இணைப்புள்ள மூன்று வீடுகளில் விசாரித்தாற் போதும். கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் வந்தார்கள், இரவு எட்டு மணிக்குப் படம் தடையின்றி ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இரவு எட்டு மணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளி 32 அல்லது 64 வீடுகளுக்குக் கூடப் பகிரப்படுவது வழக்கம். இதனால் மட்டும் பெருங்குறை வந்துவிடாது. ஆனால் அந்த நிலையத்திற்கு வரும் மேல்வரத்தை நிறுவனத்தார் குறைத்து வாங்கியிருந்தால், யாவரும் பயன்படுத்தும் மாலை வேளையில் எல்லார் வீட்டிலும் வேகம் தேய்ந்துவிடும். காலை பத்து மணிக்குச் சோதித்துக் காட்டுவதை நம்பாதீர்கள்.

வேகத்தின் எண் குறித்தும் ஒரு சொல். தெளிவான படம் ஒன்று ஓட 5 மெகாபிட் அளவே போதுமானது. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு 40 அல்லது 50 தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெருமைக்காகவே. ஆனால் நாம் அனுப்பும் வேகம் எவ்வளவு என்பதைத் தவறாது கேளுங்கள். பால் கொட்டகையின் கேமராப் படத்தை வெளியூரிலிருந்து பார்ப்போருக்கும், சுயஉதவிக் குழுவின் துணிகளைப் படம் பிடித்து விற்போருக்கும் வருவதை விட அனுப்புவதே முக்கியம்.

வருவது உண்மையில் இழைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிலர் தெருவரை இழையைக் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்குச் செப்புக் கம்பியை இழுத்துவிடுகின்றனர். செப்பு மின்னலின் வேகத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரும், கண்ணாடி கடத்தாது. 2023-ஆம் ஆண்டு முதல் ஏர்பைபர் என்ற பெயரில் விற்கப்படுவது வேறொன்று. அங்கே வீட்டுக்கு வருவது இழையன்று, வானொலி அலை. இழையே எட்டாத தோட்டத்து வீடுகளுக்கு அது உதவக்கூடும். தெருவில் இழை இருக்கும்போது அதை நாட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. துண்டுத்தாளில் 499 என்றிருந்தால் 18 சதவிகித வரி சேர்த்துச் சுமார் 589 ரூபாய் ஆகும். முதல் மூன்று மாதத்திற்கு மட்டுமான விலையா என்று கேளுங்கள். பெட்டி யாருடையது, திருப்பித் தந்தால் முன்பணம் வருமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் இணைப்பு இலவசம் என்பார்கள். நாம் செய்த தவற்றை நீங்களும் செய்ய வேண்டாம். முதலில் மாதக் கட்டணம். ஒரு மழைக்காலம் கடந்த பின் யோசிக்கலாம். பழைய இணைப்பையும் உடனே துண்டிக்காமல் ஒரு மாதம் வைத்திருப்பது நலம்.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசி நிலையத்து மின்சாரத்திலேயே இயங்கியது. மின்வெட்டிலும் மணி அடித்தது. கண்ணாடி வழியே மின்சாரம் வராது. எனவே சுவரில் மாட்டும் பெட்டிக்குச் சிறிய மின்கலப் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் மின்வெட்டை நினைத்தால் இதுவும் இணைப்புச் செலவில் ஒரு பகுதிதான்.

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே ஒன்று. குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ பொக்லைன் இறக்குமுன், அங்கே புதைந்துள்ள இழைக்கு உரியவர்களுக்கு அறிவிக்க 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் அதைப் பயன்படுத்தினாரா என்று கேட்பது உங்கள் பொறுப்பு. ஓர் அரை மணி நேரப் பள்ளம் மூன்று ஊர்களின் இணைப்பை அறுத்ததை நாமே பார்த்திருக்கிறோம். மின்கம்பத்தில் கண்டபடி இழை கட்டுவோரையும் கண்டியுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும்.

புகார் செய்யும்போது எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் டிராய் ஒழுங்குமுறைப்படி அந்த எண்ணைத் தருவது நிறுவனத்தின் கடமை. தீர்வு கிட்டாவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். எண் இல்லாத புகார் அங்கே நில்லாது.

அடுத்த வாரம் இரண்டு நிறுவனங்களின் ஆட்கள் ஒன்றிய அலுவலகத்திற்கு வருகின்றனர். அவர்களுடைய பழுதுபார்க்கும் பணியாளர்களின் ஊரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலை முதலில் தருமாறு கேட்டிருக்கிறோம். வந்ததும் ஒவ்வோர் ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்வோம். பட்டியலில் இல்லாத ஊர்க்காரர்கள் சற்றுப் பொறுத்து முடிவு செய்யலாம்.