கடை கைமாறும்போது கறி என்ன ஆகிறது?



அண்ணல் அம்பேத்கரின் நினைவுச் சொற்பொழிவில் நாம் இன்று ஒரு மாட்டுக்கறிக் கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். இவ்வளவு பெரிய மனிதரின் நினைவில் இவ்வளவு சிறிய பொருளா என்று யாரும் நினைக்க வேண்டாம். தீண்டாமை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன அண்ணல், 1948-இல் வெளியிட்ட தம் நூலில், மாட்டுக்கறியில்தான் வந்து நின்றார். பௌத்தத்தோடு நடந்த மோதலில் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியைக் கைவிட்டார்கள், அதைத் தொடர்ந்து உண்டுவந்த மக்கள் தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். தட்டில் என்ன இருக்கிறது என்பது யார் மனிதர் என்ற கேள்வியோடு கட்டப்பட்டிருக்கிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

உணவு உரிமைக்காக நாம் பலமுறை நின்றிருக்கிறோம். 2012-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறி விழா எடுத்தபோது பேசினோம். 2017 மே மாதம் கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. சில நாட்களிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதும் பேசினோம். 2022-இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றபோது பேசினோம். இவையெல்லாம் உண்ணும் உரிமையைப் பற்றிய போராட்டங்கள். இன்று இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: கறி விற்கும் கடை யாருடையது?

வடசென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் மாலையில் நடந்து பாருங்கள். தள்ளுவண்டியிலோ திண்ணை அகலமே உள்ள கடையிலோ பெரிய தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். கல்லின் ஓரத்தில் வெந்த கறி குவிந்திருக்கும். கேட்கும்போது கொஞ்சம் நடுவே இழுத்து, வெங்காயமும் மிளகும் போட்டுக் கொத்திச் சுக்காவாக்கித் தருவார்கள். ஈரல், குடல், நாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாடிக்கையாளர்கள் உண்டு. மாநகராட்சி இறைச்சிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் கறி புதிதாக வரும்.

இந்தக் கடைகளில் நாம் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் காசுக்குக் கறி கிடைக்கும். மூட்டை தூக்கி வருபவர் முப்பது ரூபாயை நீட்டினால் முப்பது ரூபாய்க்கு இலையில் விழும். சம்பளம் வராத வாரத்தில் கணக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தத் தெருவின் கூலியை அறிந்தவர்களால்தான் அப்படி விற்க முடியும்.

எங்கள் பகுதியில் அப்படி ஒரு கடை கைமாறியது. அதை நடத்தி வந்தவர் ஓர் அக்கா. கணவர் தொடங்கிய கடை. அவர் இறந்தபின் இவர் தொடர்ந்தார். இடம் வாடகை. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. முதல் என்று வைத்திருந்ததெல்லாம் தண்டல் காசு. காலையில் வாங்கி மாலையில் கட்ட வேண்டும். கட்டட உரிமையாளர் அட்வான்ஸை உயர்த்தினார். வங்கியில் கேட்க அக்காவிடம் ஒரு காகிதமும் இல்லை. பகடி கொடுத்து எடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது.

வந்தவர் கொடுமைக்காரர் அல்லர். மரியாதையாகப் பேசினார். அக்காவையே சமையலுக்கு வைத்துக்கொண்டார், நாள்கூலியும் தந்தார். அதே கல், அதே மசாலா, அதே கை. அப்புறம் என்ன மாறியது என்று கேட்பீர்கள்.

முதலில் பலகை மாறியது. ‘மாட்டுக்கறி’ என்று தமிழில் எழுதியிருந்த இடத்தில் ‘நான்-வெஜ்’ என்று வந்தது. குடும்பத்தோடு வருகிறவர்கள் தயங்குகிறார்கள் என்று காரணம் சொன்னார். யாருடைய குடும்பம்? இத்தனை ஆண்டுகள் அந்தக் கல்லுக்கு முன்னால் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குக் குடும்பம் இல்லையா? அடுத்து விலை மாறியது. ஒரு பிளேட், அரை பிளேட் என்று கணக்கு வந்தது. முப்பது ரூபாய்க்குக் கறி கேட்பவருக்கு இடம் போனது. பிறகு குடலும் ஈரலும் வாசம் வருகிறது என்று நின்றன. மெத்தென்ற கறி மட்டும் மிச்சமாகி, கோழிக்குப் பக்கத்தில் ஓரமாக இருந்தது. ஒருநாள் அதுவும் நின்றது. அக்கா இப்போது அங்கே கோழி வறுக்கிறார்.

கடையை யாரும் அடித்து நொறுக்கவில்லை, தடை உத்தரவும் வரவில்லை. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதும் உண்பதும் குற்றமல்ல. எந்த மாட்டை அறுக்கலாம், எதை அறுக்கக்கூடாது என்பதற்குத்தான் 1958-ஆம் ஆண்டின் சட்டமும் அதையொட்டிய அரசாணையும் இருக்கின்றன. கும்பல் வந்திருந்தால் நாம் திரண்டிருப்போம். விலைப்பட்டியல் மாறும்போது யாரை எதிர்த்துத் திரள்வது?

நகரத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். நட்சத்திர விடுதிகளில் ‘ஸ்டேக்’ என்ற பெயரில் மாட்டுக்கறி வெள்ளைத் தட்டில் வருகிறது. அங்கே அதைக் கேட்டு வாங்குவது நாகரிகம். ‘ஸ்டேக்’ என்றால் பண்பாடு, ‘மாட்டுக்கறி’ என்றால் அசிங்கம். மாட்டுக்கு இரண்டு சாதி கிடையாது. அதை விற்கும் இடத்துக்கும் உண்ணும் ஆளுக்கும்தான் சாதி இருக்கிறது.

கை மாறினால் கடை மாறத்தானே செய்யும், அது வியாபார விதி என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக வெளிநாட்டுக் கதை ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பீட்டர் லூகர் என்ற மாட்டுக்கறி உணவகம் இருக்கிறது. 1887-இல் தொடங்கியது. லூகர் இறந்தபின் நொடித்துப்போய் 1950-இல் ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர் சோல் ஃபோர்மன். எதிர்ச்சாரியில் உலோகச் சாமான் தொழிற்சாலை நடத்தியவர், அந்த உணவகத்தின் அன்றாட வாடிக்கையாளர். அவருடைய மனைவி மார்ஷா நல்ல கறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டு மொத்தச் சந்தைக்குத் தானே போனார். முதலாளி மாறினார், கறி மாறவில்லை. அங்கே உண்டவரே வாங்கினார் என்பதுதான் காரணம். உண்டவரிடம் ஒரு தொழிற்சாலையும் இருந்தது.

நம் தெருவில் உண்டவர்கள் யார்? துப்புரவுப் பணியாளர், சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், 1996-இல் பின்னி மில் மூடியபோது வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள். கடை ஏலத்துக்கு வந்தால் கை உயர்த்த அவர்களிடம் ருசி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, முதல் இல்லை. சாதியும் சொத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அண்ணல் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தோசைக்கல்லின் கதையிலும் அதுவே இருக்கிறது.

ஆகவே சில வேலைகள் நம்முன் உள்ளன.

முதலாவது, காகிதம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி வழங்கப்படும் விற்பனைச் சான்றிதழை வேறு யாருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. வியாபாரி இறந்தால் அல்லது முடங்கிப்போனால், சான்றிதழின் காலம் முடியும்வரை அவருடைய துணைவரோ அவரைச் சார்ந்த பிள்ளையோ அந்த இடத்தில் தொடரலாம். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தள்ளுவண்டி வைத்திருக்கும் ஒவ்வோர் அக்காவின் பெயரிலும் சான்றிதழ் இருக்கிறதா என்று இயக்கத் தோழர்கள் தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முதல். 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. அண்ணலின் பெயர் தாங்கிய திட்டம். அந்தப் பணத்தில் ஒரு மாட்டுக்கறிக் கடை எழ வேண்டாமா? விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தண்டலில் சிக்கியிருப்பவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, விண்ணப்பத்தோடு வங்கி வாசல்வரை கூடப் போங்கள்.

மூன்றாவது, கணக்கு. சமூகவியல் படிக்கும் தோழர்களே, உங்கள் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவில் எத்தனை மாட்டுக்கறிக் கடைகள் இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன, இடம் யாருடையது, கல்லுக்கு முன் நிற்பவர் முதலாளியா கூலியா, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால்தான் அதிகாரிகளிடம் பேச முடியும்.

அந்த அக்காவிடம் அண்மையில் பேசினோம். மறுபடியும் தனியாக வண்டி போட வேண்டும் என்கிறார். கல் வாங்கிவிட்டாராம். இடமும் சான்றிதழும் வேண்டும். அடுத்த வாரம் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு அவரோடு போகிறோம். இங்கிருந்து நான்கு பேர் கூட வந்தால் நல்லது. பலகையில் ‘மாட்டுக்கறி’ என்று தமிழில் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த வேலையையும் யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.