மலைமண்ணும் மாகடலும்
(தோட்டப்புற மக்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



நம் நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகின்றது. அந்நாள்களில் கிளந்தான் ஆற்றைக் கண்டவர்கள், அதன் நீர் பால் கலந்த தேநீரைப்போல் கலங்கி ஓடுவதை அறிவர். அது நீரின் நிறமன்று, மண்ணின் நிறம். அம்மண் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது, அதில் தோட்டத்தவராகிய நமக்குள்ள பங்கு யாது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

காலாஸ், லெபிர் என்னும் இரண்டு ஆறுகள் கோலக்கிராய்க்கு அருகே கூடிக் கிளந்தான் ஆறாகின்றன. ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் இதில் வந்து சேர்கின்றது. பின்னர் இவ்வாறு கோத்தாபாருவைக் கடந்து, தும்பாட் அருகே தென்சீனக் கடலில் கலக்கின்றது. கோத்தாபாரு நகரம் அமைந்துள்ள சமவெளியும் அதைச் சூழ்ந்த நெல்வயல்களும், பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறு கொணர்ந்து குவித்த வண்டலின் மேல் அமைந்தவையே.

ஆறு சுமக்கும் மண் எல்லாம் ஒரே வகையினதன்று. பருமணலும் கூழாங்கல்லும் ஆற்றின் அடியில் உருண்டு செல்லும். நுண்மணலும் வண்டலும் நீரோட்டத்தில் மிதந்து செல்லும். அவற்றினும் நுண்ணிய களிமண், நீர் தேங்கி நின்றாலும் எளிதில் படிவதில்லை.

கடலை அடைந்ததும் ஆற்றின் வேகம் தளர்கின்றது. மணல் முதலில் விழுந்து முகத்துவாரத்தில் திட்டாகின்றது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால், கலங்கல் நீர் கடலின் மேற்பரப்பில் நெடுந்தூரம் பரவுகின்றது. களிமண் துகள்களோ உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன.

இவ்வேலையின் பெரும்பகுதி மழைக்காலத்தின் சில வாரங்களிலேயே நடந்து முடிகின்றது. அதே வாரங்களில் கடலும் கொந்தளிக்கின்றது. பேரலைகள் கரைமணலை அரித்து ஆழத்திற்கு இழுத்துச் செல்கின்றன. பருவம் அடங்கியபின் சிற்றலைகள் அம்மணலில் ஒரு பகுதியை மீண்டும் கரையேற்றுகின்றன. கடல் கொண்டுபோனதை ஈடுசெய்ய ஆற்றுமணல் வேண்டும். ஆற்றில் அளவுக்கு மீறி மணலை அள்ளினால், அந்தக் கணக்கில் கடற்கரை கடனாளியாகிவிடும்.

அப்படியானால் மண் எவ்வளவு வந்தாலும் நன்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். அன்று. கரைக்கு வேண்டுவது மணல். மிகுந்து வருவதோ மலைச்சரிவின் மேல்மண். அது ஆற்றை மேடாக்கி வெள்ளத்தைப் பெருக்கும். முகத்துவாரத்தைத் தூர்த்து மீனவர் படகுகளைத் தடுக்கும். கடலடிப் புற்களுக்கு ஒளி புகாமல் மறைத்து, மீன்குஞ்சுகளின் புகலிடத்தைக் கெடுக்கும்.

1926ஆம் ஆண்டு கிளந்தானில் பெருகிய வெள்ளத்தை மக்கள் செந்நீர் வெள்ளம் என்றனர். 2014 டிசம்பரில் வந்ததை ‘பா கூனிங்’, அதாவது மஞ்சள் வெள்ளம் என்றனர். நீர் வடிந்தபின் வீடுகளில் எஞ்சியது சேறு. சிலாங்கூரிலும் இதற்குச் சான்று உண்டு. ஈயச் சுரங்க மண்ணால் ஆறு மேடாகி, வெள்ளத்தால் அல்லலுற்ற கோலகுபு நகருக்கு மாற்றாக, 1930ஆம் ஆண்டுகளில் கோலகுபு பாரு எழுந்தது.

நண்பர்களே, காடு நிற்கும்போது இலையும் சருகும் மழையின் அடியைத் தாங்குகின்றன. நிலம் வெறுமையானால் துளி ஒவ்வொன்றும் சிறு சம்மட்டியாகின்றது. ஆகவே மறுநடவுக் காலமே நாம் மிக விழிப்பாய் இருக்க வேண்டிய காலம். பால்மரமோ செம்பனையோ, கன்று நட்டதும் மூடுபயிர்க் கொடிகளை வளர்த்திடுக. சரிவுகளில் நிலமட்டத்தை ஒட்டிப் படிமேடைகள் அமைத்திடுக. வெட்டிய செம்பனை மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கிடுக. மண் தேங்கும் குழிகளை மழைக்கு முன்பே தூர்வாரிடுக. ஆற்றோரத்தில் ஒதுக்கப்பட்ட மரங்களை வெட்டாதிருப்போமாக.

மேல்மண் போனால் அதனோடு நாம் இட்ட உரமும் போகும், விளைச்சலும் குறையும். நமக்கு நட்டமாவது எவர்க்கும் இலாபமாவதில்லை. கீழே உழவர்க்கும் மீனவர்க்கும் அதுவே துன்பமாகின்றது. மண்ணைத் தோட்டத்தில் நிறுத்துவது நம் பிழைப்பையும் அவர்தம் பிழைப்பையும் ஒருங்கே காக்கும் பணியாகும். இவ்வாண்டு மழை தொடங்குமுன் அப்பணியைத் தொடங்குவோமாக.