கணக்கில் விடுபட்டோர்



இன்று நம் இளைஞர் பலர் அலுவலகங்களில் கணினி முன் அமர்ந்து கணக்கு எழுதுகின்றனர். எக்செல் தாளில் பதிந்த எண்களைக் கணினி பட்டைகளாகவும் கோடுகளாகவும் ஆக்கி, டேஷ்போர்டு என்னும் ஒரே திரையில் காட்டுகிறது. மேலதிகாரி படத்தையே பார்க்கிறார், தாளைப் பார்ப்பதில்லை. படத்தில் எண்கள் விடுபட்டால் நேர்வது என்ன? ஒரு சான்று கூறுவோம்.

2020ஆம் ஆண்டு, கொரோனா பரவிய காலம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அவ்வகைத் தாள் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டன. தாள் நிரம்பிய பின் வந்தவை உட்புகவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். திரையில் குறையேதும் தெரியவில்லை; நோய் குறைவு போலவே தோன்றியது. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் பிந்தியது. 10,48,576 வரிசைகள் கொள்ளும் புதுவகைக் கோப்பு 2007ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்க.

படத்தில் எண் குறையுமானால் முறையாகத் தேடுதல் வேண்டும். முதற்கண், தாளின் மொத்தத்தையும் படத்தின் மொத்தத்தையும் ஒப்பிடுக. பின்னர்ச் சேர்த்த வரிசைகள், படத்திற்கெனக் குறித்த எல்லைக்குள் அடங்கியுள்ளனவா எனக் காண்க. ஃபில்டர் இட்டிருப்பின் நீக்குக. மறைத்த வரிசைகளை எக்செல் வரைபடம் வழக்கமாகக் காட்டாது. எண்ணானது எழுத்தாகப் பதிவாகியிருந்தால் கூட்டலில் சேராது. அது பெரும்பாலும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இரு தாள்களை இணைக்கையில், ஓர் ஊரின் பெயர் இருவகையாய் எழுதப்பட்டிருப்பின் அவ்வூர் இணையாது நின்றுவிடும். இறுதியாக, தகவலைப் புதுப்பிக்காவிடில் திரை பழைய கணக்கையே காட்டும்.

வெற்றுக் கட்டம் வேறு, சுழியம் வேறு. ஓர் ஊரில் உதவித்தொகை பெற்றவர் எவருமில்லை என்பது சுழியம். அவ்வூருக்குச் சென்று எவரும் விசாரிக்கவில்லை என்பது வெற்றிடம். வெற்றிடத்தில் சுழியம் இடுவது பொய்க்கணக்கேயாகும்.

இதனை இம்மேடையில் கூறுவதற்குக் காரணம் உண்டு. விடுதியில் எத்தனை இடம், உதவித்தொகைக்கு எவ்வளவு நிதி, ஒதுக்கீட்டில் நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்பன யாவும் எண்ணைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. பட்டியலில் பெயரில்லாத பிள்ளைக்கு உரிமையிருந்தும் உதவி வந்து சேராது. எவரும் வஞ்சம் நினையாதபோதும், ஒரு தாளின் குறையால் அது நேரக்கூடும்.

ஆதலின் இளைஞர்களே, தாளும் படமும் ஒத்துள்ளனவா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். நம்மவரைப் பற்றிய கணக்கு எங்கு வெளியானாலும், விடுபட்டோர் யாவர் என்று கேளுங்கள். கேட்பதற்குத் துணிவும், கண்டறிவதற்குக் கல்வியும் வேண்டும். அவ்விரண்டையும் இச்சங்கம் மேன்மேலும் வளர்ப்பதாகுக.