குதிரையின் குளிர்கால உரோமமும் அதைக் கத்தரிக்கும் பருவமும்

(அச்சரப்பாக்கத்தில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைக் கேட்டவுடன் உங்களில் சிலர் புன்முறுவல் செய்ததைக் கவனித்தேன். ஏரிப்பாசனமும் நெல்லும் வேர்க்கடலையுமாக இருக்கும் மதுராந்தகம் தாலூகாவில் குதிரை மயிரைப் பற்றிப் பிரசங்கம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஜட்கா வண்டிகள் ரயிலடியை விட்டு மறைந்து வெகு காலம் ஆயிற்று. ஆயினும் மாமல்லபுரம் கடற்கரையில் யாத்திரிகர்களை ஏற்றி நடத்தியும், கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டும், குதிரையால் ஜீவனம் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். கடன் வாங்கிக் குதிரை பிடிக்கிறவனுக்கு அந்தப் பிராணி ஒன்றே மூலதனம். அது மூன்று மாதம் கட்டுத்தறியில் நின்றுவிட்டால் தவணை நிற்கும். தீனிச் செலவோ ஒரு நாளும் நிற்காது.

நம் ஊருக்கும் குதிரைக்கும் சம்பந்தம் உண்டு. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுடைய தேரின் அச்சு இற்ற இடமாதலால் இது அச்சிறுபாக்கம் ஆயிற்று என்பது தலபுராணம். அத்தேருக்கு நான்கு வேதங்களே குதிரைகள். அச்சு முறிந்ததாகச் சொல்லுகிறார்களே தவிர, குதிரைக்கு ஏதேனும் நேர்ந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

பிற்காலத்துக் குதிரைகளுக்கு அந்தப் பாக்கியம் இருக்கவில்லை. நீர்ப்பெயற்று என்னும் துறையில் குதிரைகளோடு வடநாட்டுப் பண்டங்களைக் கொண்டுவரும் கப்பல்கள் சூழ்ந்து நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அத்துறை நமது மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பது கேட்க வருத்தமாயிருக்கும். வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்துக் கடல் வழியாக வாங்கப்பட்டனவாம். வருஷ முடிவில் மிகச் சிலவே உயிரோடிருந்தனவாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணமாம். வேறு சீதோஷ்ணத்தில் பிறந்த பிராணியை நம் கரைக்குக் கொண்டுவந்து, அதன் தேகத்தின் போக்கை அறியாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நிற்க. குதிரைக்கு வருஷத்தில் இரண்டு முறை உரோமம் மாறுகிறது. கோடையில் மெல்லியதாய்ப் பளபளப்பாய் இருப்பது, குளிர்காலத்தில் நீண்டு அடர்ந்து கம்பளி போல் ஆகிறது. குளிர் பட்டதால்தான் மயிர் வளருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். குளிருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முதற்காரணம் வெளிச்சமே. பகல் குறைந்து இரவு நீளும்போது, கண் வழியாக அச்செய்தி மூளைக்குச் செல்லுகிறது. மூளையினுள் இருக்கும் சிறு சுரப்பி ஒன்று இருட்டில் மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இரவு நீள நீள இது அதிகமாகி, புரோலாக்டின் என்னும் வேறொரு சுரப்பு குறைகிறது; குளிர்கால உரோமம் முளைக்கிறது. பகல் நீளத் தொடங்கியதும் காரியம் மாறி நடந்து பழைய மயிர் உதிருகிறது. ஆகவே வடநாட்டுக் குதிரை ஆவணி மாதத்து உஷ்ணத்திலேயே குளிர்காலத்திற்கு மயிர் வளர்க்க ஆரம்பித்துவிடும். நாம் தை முதல் தேதியை உத்தராயணம் என்று கொண்டாடுகிறோம். பகல் உண்மையில் நீளத் தொடங்குவது டிசம்பர் 22-ஆம் தேதியை ஒட்டி, அதாவது மார்கழி முதல் வாரத்திலேயே. குதிரை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, சூரியனைப் பார்க்கிறது.

இந்தக் கணக்கில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அச்சரப்பாக்கத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. ராஜஸ்தானத்தில் புஷ்கரம் இருக்கும் அட்சத்தில் அது மூன்று மணிக்கு மேல். லண்டனிலோ ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த மட்டக்குதிரைக்கு மார்கழியிலும் உரோமம் சிறிதளவே தடிக்கும். அதற்குக் கத்தரிப்பு வேண்டியதில்லை. குரப்பம் போட்டுத் தினமும் தேய்த்தாற் போதும். கத்தரிக்கும் கேள்வி எழுவது வெளியிலிருந்து வந்த குதிரைக்கே.

குதிரை எங்கே, எந்த மாதத்தில் வாங்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுவது ஆகையால் அவசியம். ஈரோடு ஜில்லாவில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை ஆடி மாதத்தில் கூடுகிறது; அங்கே வாங்கியது கோடை உரோமத்தோடு வரும். புஷ்கரத்துச் சந்தை கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டியது. அங்கிருந்து வருவது புதிதாய் முளைத்த குளிர்கால உரோமத்தோடு, நம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து இறங்கும். உதகமண்டலத்திலிருந்து பனிக்காலத்தில் இறக்கப்படுவதும் அப்படியே. அவ்வூர் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது, உறைபனி விழும் இடம். முற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘வேலர்’ என்னும் குதிரைகள் பட்டாளத்திற்காகச் சென்னைத் துறையில் வந்திறங்கின. அத்தேசத்தில் ஆனி, ஆடிதான் குளிர்காலம். அம்மாதங்களில் கப்பலேறிய குதிரை கம்பளியோடு நம் வெயிலுக்கு வந்திருக்குமே என்று நினைக்கும்போது எனக்குப் பரிதாபமாய் இருக்கிறது.

அடர்ந்த உரோமத்தால் வரும் கெடுதல் என்ன? உரோமம் காற்றைத் தன்னுள் சிறைப்படுத்தி உடற்சூட்டைக் காக்கிறது. பனியில் சும்மா நிற்கும் பிராணிக்கு அதுவே வீடு. ஆனால் மணலில் ஆளைச் சுமந்து நடக்கும் குதிரைக்கு உடலில் உண்டாகும் சூடு வெளியேற வேண்டும். குதிரை மனிதனைப் போலவே வியர்வையால்தான் பெரும்பாலும் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. வியர்வை நீண்ட மயிரில் ஊறி நின்றால் சூடும் ஆறுவதில்லை, மயிரும் காய்வதில்லை. சாயங்காலம் வேலை முடித்துக் கட்டிய குதிரை இரவு வெகு நேரம் ஈரமாகவே நிற்கும். கடற்காற்று பட்டுக் குளிர் கொள்ளும். பகலில் வெப்பமும் இரவில் நடுக்கமுமாக உடல் இளைத்துவிடும். ஈரம் தங்கிய மயிரின் அடியில் புண்ணும் பொருக்கும் உண்டாகி, மயிர் கொத்துக்கொத்தாகப் பிடுங்கி வரும் மழைக்கால வியாதியும் உண்டு.

இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். கடலோரக் கிராமம் ஒன்றில், கார்த்திகையில் வந்த வடநாட்டுக் குதிரையை வந்த மூன்றாம் நாளே முழுவதும் மழித்துவிட்டார்கள். உச்சியிலிருந்து குளம்பு வரை ஒரு மயிர் பாக்கியில்லை. அன்றிரவே மழை. கொட்டகை இல்லை, தென்னை மரத்தடியில் கட்டியிருந்தார்கள். மறுவாரம் நான் போனபோது அது தலையைத் தொங்கப் போட்டு இருமிக்கொண்டிருந்தது. ரயிலிலும் லாரியிலும் பல நாள் வந்த குதிரைக்குச் சுவாசப்பையில் நோய் எளிதில் பற்றும். அந்தச் சமயத்தில் அதன் போர்வையையும் உருவிவிட்டால் என்ன செய்யும்? கால்நடை வைத்தியர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் தை மாதத்து யாத்திரிகர் கூட்டம் முழுவதும் அது கொட்டிலில் நின்றது. அந்தக் குடும்பம் வீட்டு நகையை வைத்துத் தவணை கட்டியது.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. வந்த குதிரையைப் பத்து நாளாவது இளைப்பாற விடவேண்டும். இருமல், மூக்கொழுக்கு, காய்ச்சல் இல்லை என்று நிச்சயமானபின், மழை வெளிவாங்கிய இரண்டொரு நாள் பார்த்து மார்கழியில் கத்தரிக்கலாம். சீமையில் உரோமம் முழுதும் வளர்ந்து நிலைத்தபின் அக்டோபரில் முதற் கத்தரிப்புச் செய்து, மயிர் மீண்டும் வளருந்தோறும் சில வாரங்களுக்கு ஒரு முறை திருப்பிச் செய்து, ஜனவரி முடிவோடு நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குப்பின் கோடை உரோமம் முளைக்கத் தொடங்குவதால், கத்தி அதையும் சேர்த்து வெட்டிவிடும். நமக்கும் தை மாதம் பாதியே எல்லை. அதற்குமேல் குரப்பத்தின் வேலைதான். தினம் அரைமணி நேரம் வட்டவட்டமாய்த் தேய்த்தால் கைகொள்ளாமல் மயிர் வரும். இங்கேயே தங்கிவிட்ட குதிரைக்கு அடுத்த வருஷத்தில் மயிர் அவ்வளவு தடித்து வருவதும் இல்லை.

எவ்வளவு கத்தரிப்பது என்பதற்குப் பல முறைகள் உண்டு. கழுத்தின் அடிப்பாகம், மார்பு, அடிவயிறு ஆகிய அதிகம் வியர்க்கும் இடங்களை மட்டும் எடுத்துவிட்டு முதுகையும் கால்களையும் விட்டுவிடுவது ‘டிரேஸ் கிளிப்’. காலும் சேணம் படியும் இடமும் நீங்கலாக எல்லாவற்றையும் எடுப்பது ‘ஹண்டர் கிளிப்’. நம் கரையில் மழை முழுதும் ஓயாத மாதத்தில் முன்னதே சிலாக்கியமானது. முதுகு மயிர் மழைக்கும், சேணத்தின் உராய்வுக்கும், வெயிலுக்கும் காப்பு. கால் மயிர் மணலுக்கும் முள்ளுக்கும் காப்பு. கொட்டகை இல்லாதவர்கள் கத்தரிக்கவே வேண்டாம். முதலில் நாலு கால் நட்டுக் கீற்றுப் போடட்டும்.

காதின் உள்மயிரைத் தொடக்கூடாது. மணலும் பூச்சியும் புகாமல் காப்பது அது. வாய், மூக்கைச் சுற்றியுள்ள நீண்ட மீசை மயிர்களையும் அழகுக்காக வெட்டுகிறார்கள். குதிரைக்குத் தன் மூக்கின் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிர்களால்தான் தொட்டறிகிறது. சர்வதேசக் குதிரையேற்ற விளையாட்டுகளை நடத்தும் சம்மேளனம் 2021-ஆம் வருஷம் ஜூலை முதல், அவை வெட்டப்பட்ட குதிரைகளைப் போட்டிக்கே சேர்ப்பதில்லை. கலியாண ஊர்வலத்திற்கு ஜோடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கத்தரிக்கும் முதல் நாள் குதிரையைக் கழுவி நன்றாய்க் காயவிட வேண்டும். அழுக்கிலும் ஈரத்திலும் கத்தி ஓடாது. இயந்திரத்தைத் தூரத்தில் ஓட்டி அதன் சத்தத்தைக் குதிரைக்குப் பழக்கியபின், தோளில் ஆரம்பித்து மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக நீள நீளமாய் ஓட்டவேண்டும். முன்னங்கால் இடுக்கிலும் விலாவின் பின்புறத்திலும் தோல் மடியும். ஒரு கையால் அதை இழுத்துப் பிடிக்காவிட்டால் கத்தி கிழித்துவிடும். அடிக்கடி அலகைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்க்கவேண்டும். குதிரை திடீரென்று முரண்டு பண்ணினால் அதன் குணத்தைக் குறை சொல்லுவதற்குமுன் அலகைத் தொட்டுப் பாருங்கள். தலைக்கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மின்சாரக் கம்பி குதிரையின் காலடியில் கிடக்கக்கூடாது. வேலை முடிந்ததும், இரவுக் காற்றுக்கு முதுகின்மேல் உலர்ந்த கோணிப்பையோ கம்பளியோ போடுங்கள்.

சில உரோமங்கள் பருவத்தால் வருவன அல்ல. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட குதிரைக்குச் சித்திரை, வைகாசியிலும் நீண்டு சுருண்ட மயிர் உதிராமல் நின்றால், அது மூளையடிச் சுரப்பி ஒன்றின் கோளாறாக இருக்கலாம். இதனால் குளம்பு நோயும் வரும். கத்தரிப்பது சுகம் தரும், நோயைத் தீர்க்காது. வைத்தியரிடம் மருந்து உண்டு. இன்னொன்று, நம்மைப் போன்ற உஷ்ணமும் ஈரமும் சேர்ந்த கரைகளுக்கு வந்த குதிரைகளில் சில வியர்ப்பதையே நிறுத்திவிடும். சீமையிலிருந்து இந்தியாவுக்கு வந்த பந்தயக் குதிரைகளிடம் இதைக் கண்டு ‘டிரை கோட்’ என்று பெயரிட்டார்கள். வேலை முடிந்தும் உடல் உலர்ந்தே இருக்கும், மூச்சு மட்டும் துருத்திபோல் வாங்கும். அதை மயிர்க் குற்றம் என்று நினைத்துக் கத்தரித்துவிட்டு மறுநாள் வெயிலில் ஓட்டினால் குதிரை விழுந்துவிடும். நிழலில் கட்டி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்து, வைத்தியரை வரவழைக்க வேண்டும்.

ஆட்டுக்கும் இப்படிச் செய்யலாமா என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ஆட்டுக்குக் கம்பளி இல்லை, மயிர்தான். அதற்குக் கத்தரி வேண்டாம். கம்பளிக்காக வெட்டப்படுவது நீலகிரி ஆடு. எருமைக்கு மயிர் மழிப்பது பேனுக்கு நல்லது. ஆனால் அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலும் கறுப்பு. மழித்தால் குளத்து நீரும் நிழலும் தப்பாமல் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் தனித்தனி இயந்திரம் வாங்குவதைவிடக் கடற்கரைக் குதிரைக்காரர்கள் சேர்ந்து சங்கத்தின் மூலம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனையே, ஒரு நிபந்தனையோடு. படர்தாமரை ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குக் கத்தியின் வழியே போகும், மனிதனுக்கும் தொற்றும். ஒரு குதிரை முடிந்ததும் அலகைக் கழற்றி, மயிரைத் தட்டி, கிருமிநாசினியில் ஊறவைத்துத் துடைத்தபின்தான் அடுத்த குதிரைக்குப் போகவேண்டும். தோலில் வட்டவட்டமாய் மயிர் உதிர்ந்த குதிரைக்கு, வைத்தியர் பார்க்கும்வரை இயந்திரத்தைக் கொடுக்கவே கூடாது. அது காரியதரிசியின் சொந்தக் குதிரையானாலும் சரி. அலகு மழுங்கினால் சாணைக்கு அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வைக்கவேண்டும்.