பத்திரிகை அறிக்கைக்குப் புள்ளியிடுவது எப்படி?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் ஊடகப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டெங்கு விழிப்புணர்வுக்காக மாணவிகள் எழுதிய பத்திரிகை அறிக்கைகளை வாசித்துப் புள்ளியிடும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். தமிழாசிரியர்கள் இத்தனை பேர் இருக்க வைத்தியர் ஒருத்தி எதற்கு என்று சிலர் யோசிக்கலாம். காய்ச்சல்காரர் எங்கள் வாட்டுக்கு வருமுன்னரே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வது பத்திரிகைச் செய்தி. அது சரியாக இருந்தால் அவர் நேரத்துக்கு வந்துவிடுவார். பிழையாக இருந்தால் பிந்தி வருவார். ஆகவே இது எனக்கும் உரிய வேலைதான்.

நூறு புள்ளிகளையும் நான் நான்காகப் பிரித்தேன்.

முதல் 30 புள்ளி, ஆரம்பத்து இரண்டு வாக்கியங்களுக்கு. எங்கள் பாடசாலை அறிக்கைகளுக்கு ஒரு வழமை உண்டு. தலைமை தாங்கியவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், மங்கல விளக்கேற்றியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்துபோன பிறகே என்ன நடந்தது என்று தெரியவரும். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். செய்தி வெட்டுப்பட்டுப் பெயர்கள் மட்டும் மிஞ்சும். யார், என்ன, எங்கே, எப்போது, வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பவை முதலில் வர வேண்டும். விருந்தினர் கோபிக்கமாட்டார், அவர் பெயரும் கீழே இருக்கத்தானே போகிறது!

அடுத்த 30 புள்ளி, தகவலின் சரிக்கு. ஓர் அறிக்கையில் மிக அழகான தமிழ். ஆனால் "காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கிவிடும்" என்றிருந்தது. டெங்கில் நிலைமை நேர்மாறானது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சலம் குறைதல் என்பவற்றைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு தாய் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கக்கூடும்.

இன்னொன்றில் "பாத்திரங்களிலுள்ள நீரை ஊற்றிவிடுங்கள்" என்றிருந்தது. சரிதான், ஆனால் போதாது. டெங்கு நுளம்பின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீரில்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். "ஊற்றி, தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதியிருந்த பிள்ளைக்கு நான் முழுப்புள்ளி கொடுத்தேன். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எழுதியதாகக் குறிப்பிட்டிருந்தார். யாரிடம் கேட்டோம் என்று சொல்வதும் தரத்தின் ஓர் அடையாளம்.

மூன்றாவது 20 புள்ளி, மிகைப்படுத்தாமைக்கு. பத்திரிகைக்காரர்தான் ஊதிப் பெருப்பிக்கிறார்கள் என்று நாங்கள் குறைசொல்வோம். 2014இல் காடிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 சுகாதார அறிக்கைகளைப் பரிசீலித்தார்கள். அவற்றில் 40 வீதமானவை வாசகருக்குக் கூறிய ஆலோசனை, மூல ஆய்வில் உள்ளதைவிட மிகையாக இருந்தது. அறிக்கை அப்படி மிகைப்படுத்திய இடங்களில் 58 வீதமான செய்திகளும் மிகைப்படுத்தின. மிகைப்படுத்தாத இடங்களில் அது 17 வீதம் மட்டுமே. ஊதல் பல தடவை எங்கள் மேசையிலேயே தொடங்குகிறது. "எமது சிரமதானத்தால் பிரதேசத்தில் டெங்கு முற்றாக ஒழிந்தது" என்று எழுதாதீர்கள். "40 வீட்டு வளவுகளைத் துப்புரவாக்கினோம்" என்றால், எண்ணிப் பார்த்த அளவை எழுதுங்கள். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அவ்வளவு பெரிய நோயை ஒரு சனிக்கிழமை ஒழித்துவிட முடியாது.

கடைசி 20 புள்ளி, மனிதருக்குக் கொடுக்கும் மரியாதைக்கு. நோயுற்ற மாணவி ஒருவரின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் ஓர் அறிக்கையில் இருந்தன. அனுதாபத்தோடுதான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் அதை வெளியிட எங்களுக்கு உரிமையில்லை. வாட்டில் நாங்கள் காக்கும் இரகசியத்தைப் பத்திரிகையில் நீங்களும் காக்க வேண்டும்.

மொழிக்குப் புள்ளி இல்லையா என்று கேட்பீர்கள். இந்த நான்கும் நல்ல மொழியில்லாமல் கைகூடாது. ஒரு சோதனை சொல்கிறேன். எழுதியதை வீட்டில் அம்மம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பிறகு, "என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்ய வேணும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அவர் தடுமாறினால் அறிக்கையைத் திருத்துங்கள். அம்மம்மாவைத் திருத்த வேண்டாம்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் பரந்திருக்கிறோம். எங்களுள் தாதியர், சட்டத்தரணிகள், கணக்காளர்கள், ஊடகத்தார் உண்டு. கட்டடத்துக்குக் காசு அனுப்புவது போலவே, மாதம் ஒரு மாணவியின் அறிக்கையை வாசித்துத் திருத்தக் குறிப்போடு அனுப்புங்கள். நீங்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள், மிச்சத்தை அவர் கண்டுபிடிப்பார்.

தங்கைகளே, அறிக்கையின் தலைப்பில் எங்கள் பாடசாலையின் பெயர் இருக்கிறது. நூறு வருடமாக ஊர் அந்தப் பெயரை நம்புகிறது. அதற்குக் கீழே எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானதாக இருக்கட்டும்.