படிக்க முடியாத எழுத்து



சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டல ஓவியர் கிராமம் அமைந்துள்ளது. கடற்கரையின் பழம்பெயரையே தன் பெயராகக் கொண்ட இக்கிராமம் 1966-இல் தோன்றியது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்கும் சென்னைக் கலைப்பள்ளிக்கு அப்போது முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் அவர்தம் மாணவர்களும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்று, வந்த பணத்தில் நிலம் வாங்கினர். கைவினை சோறிடும், ஓவியம் எவர் விருப்பத்திற்கும் வளையாமல் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. 2009-இல் இங்குச் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தினரின் படைப்புகளை இதன் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இலக்கியப் பயிற்சி மிக்க ஒருவர் முதன்முறையாக இத்தகைய கூடத்தினுள் நுழைவதாகக் கொள்வோம். அவர் கண் முதலில் நாடுவது ஓவியத்தையன்று. அதன் அருகில் ஒட்டப்பட்டுள்ள சிறு அட்டையை. பெயர், ஆண்டு, வண்ணத்தின் வகை அனைத்தையும் படித்து முடித்த பின்னரே ஓவியத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அட்டைக்குத் தந்த நேரத்தில் பாதியைக்கூட ஓவியத்திற்குத் தருவதில்லை. ‘தலைப்பில்லை’ என்று அட்டை கூறினாலோ, அடுத்த ஓவியத்திற்கு நகர்ந்துவிடுகிறார். கற்றவர்க்கே உரிய இடர்ப்பாடு இது. எழுத்தறியாத ஒருவர் வண்ணத்தை நேரே காண்கிறார். எழுத்தறிந்தவர் சொல்லின் துணையின்றிக் காண அஞ்சுகிறார்.

பணிக்கர் 1963 முதல், 1977-இல் மறையும் வரை, ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தீட்டினார். சாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணிதக் குறிகள், சிறு உருவங்கள், இவற்றினிடையே மலையாள எழுத்தை ஒத்த நெருக்கமான வரிகள். படிக்கத் தெரிந்தவர் உடனே அருகில் சென்று அவ்வரிகளைப் படிக்க முயல்வார், படிக்க வாராது. அவை எழுத்தின் தோற்றம் கொண்டவை. எழுத்தின் பொருளைச் சுமப்பவை அல்ல. சற்றுப் பொறுத்து நின்றால், வரி ஓரிடத்தில் அடர்வதும் ஓரிடத்தில் தளர்வதும், கட்டத்தின் ஒழுங்கை ஒரு வளைகோடு கலைப்பதும் புலப்படும். பொருளுக்கு விரையும் கண் நாள்தோறும் காணாது கடந்துபோகும் எழுத்தின் உடலை அவ்வோவியம் காட்டுகிறது.

“இதற்கு என்ன பொருள்?” என்னும் வினா அங்கே எழாமலிராது. இவ்வினா கவிஞர்களுக்குப் புதியதன்று. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் 1959-இல் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடமளித்தபோது, யாப்பறிந்தோர் பலர் கேட்ட வினா இதுவே. அதே சென்னையில், அதே ஆண்டுகளில், பணிக்கர் தம் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தார். தம் கவிதையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்குமாறு வேண்டும் கவிஞர், ஓவியத்தின் முன் அரை நிமிடம் நின்று “புரியவில்லை” என்று கூறுவது முறையாகுமா?

விடை அயல்நாட்டுக் கலைக்கொள்கையில் மட்டும் இருப்பதன்று. தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக ‘நோக்கு’ என்பதனை வைத்துள்ளது. மாத்திரை முதல் அடி வரையில் எதனையும் கடந்து செல்லவிடாமல், கேட்போரை நின்று நோக்கச் செய்வது அவ்வுறுப்பு. செய்யுளுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம் ஓவியத்திற்கும் பொருந்தும். மாத்திரைக்கு ஈடாகப் புள்ளியையும், சீருக்கு ஈடாகக் கோட்டையும், தொடைக்கு ஈடாக வண்ண இயைபையும் கொண்டு நோக்கத் தொடங்கலாம். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் முன்புறமாக நின்று காணத்தக்கவை. கோயிற் கவசங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை முற்றிலும் அயலாகத் தோன்றமாட்டா. புதியவர் என்று தம்மைக் கருதிக்கொள்பவர் உண்மையில் வெறுங்கையோடு வருவதில்லை.

கூடத்தில் உள்ள யாவும் உயர்ந்தவை என்று ஏற்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். விளங்காமையைப் போர்த்திக்கொண்ட வெறும் கவிதைகள் இருப்பதுபோல, வெறும் ஓவியங்களும் உண்டு. ஆயின் ஒன்றைத் தள்ளும் உரிமை, அதனை நோக்கியவர்க்கே உரியது. நோக்காமல் வியப்பதும் நோக்காமல் இகழ்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழ்ச் சிற்றிதழ்களும் நூல்களும் தாங்கி வந்ததை இங்குள்ளோர் அறிவர். எனினும் அவற்றைக் கதைக்கும் கவிதைக்கும் துணையாகக் கண்டவர் பலர். தனித்து நிறுத்திக் கண்டவர் சிலரே. பத்தாண்டுகளாகக் கவிதையைக் கூடிப் படித்துவந்த இவ்வட்டம், ஆண்டிற்கொரு முறையேனும் ஓர் ஓவியத்தைக் கூடி நோக்கலாம். முறை எளிது: கூடத்தில் நாற்பது படைப்புகள் இருப்பினும் ஒன்றை மட்டும் தேர்க. பதினைந்து நிமிடம் அதன் முன் அமைதியாக நிற்க. கண்டதை மட்டும் ஒவ்வொருவரும் ஓரிரு தொடரில் கூறுக. கருதியதைப் பிறகு கூறுக. அட்டையை இறுதியில் படிக்க. ஒருவர் காணாததை மற்றொருவர் கண்டிருப்பார். கவிதைக்கு அந்நேரம் வீணாகாது. கண்டதைக் கண்டவாறு சொல்லும் பயிற்சியைக் காட்டிலும் கவிஞர்க்கு வேண்டுவது பிறிதில்லை.